மாதிரி பார்க்காத ஏலம்

போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்ஏலத்தில் இப்போது கணினித் திரையில்தான் விலை கேட்கிறார்கள் என்றாலும், ஒவ்வொரு லாட்டின் மாதிரிக் காயும் அதற்கு முன்பே வியாபாரியின் கைக்கு வந்துவிடும். அதை உள்ளங்கையில் உருட்டி, பச்சை எவ்வளவு நின்றிருக்கிறது என்று பார்த்து, ஒரு காயைப் பிளந்து உள்ளே இருக்கும் விதையை, அதாவது அரிசியை, சோதித்த பின்னரே அவர் பொத்தானை அழுத்துவார். கம்பத்தில் வீடும், மலைமேல் வண்டன்மேட்டுப் பக்கத்தில் இரண்டு தோட்டங்களின் கணக்குப்பிள்ளை வேலையுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வழக்கத்தின் நடுவிலேயே இருந்து வருகிறேன். அப்படிப்பட்ட நான், கையால் தொட்டுப் பார்க்காத, அப்போது உலகத்தில் எங்குமே விற்பனைக்கு இல்லாத இரண்டு பாக்கெட் கணினிகளுக்கு 2017இலும் 2020இலும் முன்பணம் கட்டினேன். சுங்கத் தீர்வையையும் சேர்த்தால் ஏறக்குறைய 48,000 ரூபாய் போனது. ஒன்று மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தது. மற்றொன்று இன்றுவரை வரவில்லை.

இந்த ஆசை எனக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் மற்றவை விளங்காது. அதிகாலையில் தொழிலாளர் ஜீப்பில் கம்பம் மெட்டு ஏறி, தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற பதிவேட்டில் வருகையைக் குறித்து, காய் எடுப்பு நாட்களில் ஒவ்வொருவரும் எத்தனை கிலோ எடுத்தார் என்று எழுதி, மாலையில் அவற்றையெல்லாம் வீட்டுக் கணினியில் மீண்டும் ஏற்றுவது என் வேலை. பன்னிரண்டு பேர் நெருக்கி உட்காரும் ஜீப்பில் மடிக்கணினியை மடியில் வைக்க இடமிருக்காது. கைப்பேசியின் கண்ணாடித் திரையில் ஈர விரலால் எண்களைத் தட்டினால் 3 இருக்க வேண்டிய இடத்தில் 6 விழும். சட்டைப் பையில் அடங்கும் அளவில், உண்மையான விசைப்பலகையோடு, ஒரு நாள் முழுவதும் மின்சாரம் இல்லாமல் ஓடும் ஒரு கணினி இருந்தால் ஒருமுறை எழுதுவதோடு வேலை முடியும் என்று பல ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒன்று ஒரு காலத்தில் இருந்தது என்பதுதான் என் ஆசையைப் பெருக்கியது. துபாயிலிருந்து திரும்பிய என் மாமா ஒருவர், 1997இல் வெளிவந்த சயான் சீரிஸ் 5 என்ற சிறு கருவியை எனக்குக் கொடுத்தார். பிரிட்டன் நிறுவனம் செய்தது அது. திறக்கும்போது விசைப்பலகை முன்னோக்கி நகர்ந்து வரும். இரண்டு பென்டார்ச் செல் போட்டால் போதும், தீர்ந்துவிட்டால் வண்டன்மேட்டுப் பெட்டிக்கடையிலேயே வேறு வாங்கிக்கொள்ளலாம். அதில் தமிழ் கிடையாது என்பதால் தொழிலாளர் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்து வந்தேன். 2001இல் அந்த நிறுவனம் பொதுமக்களுக்கான கையடக்கக் கருவிகளைச் செய்வதிலிருந்தே விலகிக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து என்னிடமிருந்த கருவி, திரையையும் விசைப்பலகையையும் இணைக்கும் பட்டைக் கம்பி முறிந்து உயிரை விட்டது. பெரிய நிறுவனங்கள் கைவிட்ட இந்த வகைக் கருவியை யாராவது சிறு குழுவினர் மீண்டும் செய்வதாக அறிவித்தால், என்னைப் போன்றவர்கள் உலகமெங்கும் ஓடி வந்து பணம் கட்டுவார்கள். இந்த ஏக்கத்தை நம்பித்தான் அந்த அறிவிப்புகளே எழுதப்படுகின்றன என்பதை நான் வெகு தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

கிரவுட் ஃபண்டிங் எனப்படும் திரள்நிதி முறையை எங்கள் பக்கத்தினர் முதலில் கேட்டால் சீட்டு என்றே நினைப்பார்கள். தோட்டத்து முதலாளிகூட என்னிடம், "கணக்கு, அது என்ன சீட்டு? தலையாள் யாரு?" என்றுதான் கேட்டார். சீட்டுக்குத் தலையாள் உண்டு, அவருக்கு ஊரில் வீடு உண்டு, பதிவு பெற்ற சீட்டாக இருந்தால் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்குக் காவல் நிற்கும். திரள்நிதியிலோ நாம் பணம் கட்டுவது பொருளைச் செய்யப்போவதாகச் சொல்லும் ஒருவரிடம்; நடுவில் இருக்கும் தளம் தன் 5 விழுக்காட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். கிக்ஸ்டார்ட்டர் தளம் 2012 செப்டம்பரிலேயே தான் ஒரு கடை அல்ல என்று வெளிப்படையாக அறிவித்து, உண்மையில் செய்யப்படாத பொருளைச் செய்ததுபோல் காட்டும் கணினிப் படங்களுக்கு வன்பொருள் திட்டங்களில் தடை விதித்தது. அதன் விதிகளைப் படித்தால், ஒப்பந்தம் பணம் கட்டியவருக்கும் படைப்பாளிக்கும் இடையேதான் என்றும், தளம் அதில் தரப்பினர் அல்ல என்றும் தெளிவாகவே இருக்கிறது. நான் படிக்கவில்லை.

முதல் முறை 2017 ஆகஸ்டில் 219 டாலர் கட்டினேன். டாலர் அப்போது 64 ரூபாய். அட்டை நிறுவனம் அந்நியச் செலாவணிக்கென்று 3.5 விழுக்காடும், அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் சேர்த்ததில் 14,600 ரூபாய் ஆயிற்று. 2018 பிப்ரவரியில் வரும் என்றார்கள். நவம்பரில் வந்தது. அந்த ஒன்பது மாதத் தாமதத்தில் ரூபாயின் மதிப்பு சரிந்து டாலர் 72 ஆகியிருந்ததால், சுங்கத் தீர்வையும் கூடுதல் மதிப்பின்மீதே கணக்கிடப்பட்டது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அஞ்சலில் வரும் பொருளுக்கு அன்று அடிப்படைத் தீர்வை, கூடுதல் வரி, ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி எல்லாம் சேர்ந்து 42 விழுக்காடு வரை வந்தது; தபால்காரரிடம் 6,600 ரூபாய்க்கு மேல் எண்ணிக் கொடுத்த பிறகே பெட்டி என் கைக்கு வந்தது. திட்டப் பக்கத்தில் பார்த்த விலையோடு ஏறக்குறைய பாதியைக் கூட்டிக்கொண்டால்தான் நம் ஊரில் அது எவ்வளவு விழும் என்பது தெரியும் என்பதை அன்று கற்றேன். தீர்வை விகிதங்கள் அவ்வப்போது மாறும். ஆனால் அவை நாம் பணம் கட்டிய நாளின் விகிதங்களாக இல்லாமல், பொருள் வந்து இறங்கும் நாளின் விகிதங்களாகவே இருக்கும்.

பெட்டியைத் திறந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. விசைகள் நன்றாக இருந்தன. திரையும் தெளிவாக இருந்தது. சிக்கல்கள் ஒவ்வொன்றாக, மலைமேல் போன பிறகே வெளிவந்தன. அதிலிருந்த நான்காம் தலைமுறை மோடம் ஐரோப்பிய அலைவரிசைகளை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜியோ சிம்மைப் போட்டபோது 1800 மெகாஹெர்ட்ஸ் அலை கிடைத்த இடத்தில் மட்டும் இணையம் வந்தது. 850, 2300 அலைகளை மோடம் அறியவே இல்லை. மலைச் சரிவுகளில் தாழ்ந்த அலைவரிசைதான் தூரம் செல்லும் என்பதால், எனக்கு மிகவும் வேண்டிய இடத்திலேயே அது ஊமையாகிவிட்டது. ஜியோவில் பேச்சும் இணைய வழியாகவே செல்வதாலும், அந்த வசதி கருவியில் இல்லாததாலும், ஓர் அழைப்புக்கூடப் பேச முடியவில்லை. கம்பம் மெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டியவுடன் மலையாளத்தில் வரவேற்புச் செய்தி அனுப்பும் என் பழைய கைப்பேசியைத்தான் மீண்டும் எடுக்க வேண்டியிருந்தது.

தமிழில் தட்டச்சு செய்வது அடுத்த சிக்கல். கருவியோடு வந்த ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிந்தன. ஆனால் கருவியின் விசைப்பலகையில் தமிழ்99 அமைப்பைக் கொண்டுவர ஒரு வாரம் போராடினேன். அவர்கள் பெருமையாக அறிவித்திருந்த லினக்ஸ் பதிப்பிலோ, 'கொ' என்று அடித்தால் கொம்பு ஓரிடத்திலும் மெய் ஓரிடத்திலுமாகச் சிதறி நின்றது. சிறு குழுவினர் அவசரமாக ஒட்டவைத்த மென்பொருளில் இந்திய எழுத்துகளைச் சோதித்துப் பார்க்க யாரும் இருப்பதில்லை. இது யாருடைய தீய எண்ணமும் அல்ல. பணம் கட்டியவர்களில் தமிழில் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இருந்திருப்போம்?

2020 ஊரடங்கில் கருவி மூன்று மாதம் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. பிறகு எடுத்தபோது மூடி சரியாக மூடவில்லை. குமுளியில் கைப்பேசி பழுதுபார்க்கும் மலையாள நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, பேட்டரி ஊதியிருக்கு, இனிமே இதைச் சார்ஜில் போடாதீங்க" என்றார். அந்த அளவு பேட்டரி இந்தியாவில் வேறு எந்தக் கைப்பேசிக்கும் பயன்படவில்லை. செய்த குழுவினரிடம் கேட்டதற்கு, லித்தியம் பேட்டரியைத் தனியாக விமானத்தில் அனுப்ப இயலாது என்றார்கள். நண்பர் வேறொரு கைப்பேசியின் சற்றுச் சிறிய பேட்டரியைக் கம்பி மாற்றிப் பொருத்திக் கொடுத்தார். அது இன்னும் ஓடுகிறது. வாங்கியவன் என்ற முறையில் எனக்குப் பயன்பட்ட ஒரே உத்தரவாதம் குமுளிக் கடையில் கிடைத்ததுதான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நான் இரண்டாவது முறையும் பணம் கட்டியிருந்தேன் என்பதை எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. 2020 ஜனவரியில், அனுப்புக் கூலியோடு 360 டாலர், ரூபாயில் 26,728. முதல் கருவி ஒருவழியாக வந்துவிட்டதே என்ற துணிவும், இந்தக் குழு வேறு ஆட்கள், இன்னும் தெளிவாகப் பேசுகிறார்கள் என்ற நினைப்பும்தான் காரணங்கள். அந்த ஆண்டு நவம்பரில் அனுப்புவதாக வாக்களித்தார்கள்.

மாதம் ஒரு மடல் வந்தது. முதல் சில மடல்கள் மிக இனிமையானவை: மின்சுற்றுப் பலகையின் படம், விசைகளின் நிறத்துக்கு வாக்கெடுப்பு, தொழிற்சாலைக்குப் போன பயணக் குறிப்பு. பிறகு பெருந்தொற்று வந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு உறைக்கான அச்சில் பிழை. பிறகு சீனப் புத்தாண்டு விடுமுறை. பிறகு சில்லு கிடைக்கவில்லை. பிறகு கீல் பகுதியை மாற்றி வடிவமைத்ததால் மீண்டும் அச்சு. ஒவ்வொரு காரணமும் தனியே பார்த்தால் நியாயமாகவே இருந்தது. ஒவ்வொன்றும் மூன்று மாதம் தின்றது. மடல் வரும் இடைவெளி முதலில் இரண்டு மாதமானது, பிறகு ஐந்து மாதமானது.

இந்தக் காரணங்கள் பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். பிளாஸ்டிக் உறைக்கான எஃகு அச்சு ஒன்றைச் செய்யத் தனிப் பெருஞ்செலவாகும். அதில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் மூடி மூடாது. சில்லு விற்பவர்கள் ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் கொடுப்பார்கள், அதுவும் முன்பணத்துக்கு. இருநூறு ரூபாய் உதிரி ஒன்று கிடைக்காவிட்டால் மீதி எல்லாம் பெட்டியில் காத்துக்கிடக்கும். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் சம்பளமும் வாடகையும் நாம் கட்டிய அதே பணத்திலிருந்துதான் போகின்றன. எனவே பணம் காணாமற்போவதற்கு யாரும் திருட வேண்டியதில்லை. செடி பூத்திருக்கும்போதே காய்க்கு விலை பேசி முன்பணம் வாங்கிய தோட்டக்காரர், மழை தவறியபோது அந்தப் பணத்தை உரத்துக்கும் கூலிக்கும் செலவிட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்பதை நானே இருமுறை கணக்கில் எழுதியிருக்கிறேன். ஆனால் அவரிடம் நிலமாவது இருந்தது.

பாக்கெட் கணினிகளின் வரலாற்றைப் புரட்டியிருந்தாலே இதை நான் முன்கூட்டி அறிந்திருக்கலாம். பண்டோரா என்ற கையடக்கக் கணினிக்கு 2008 செப்டம்பர் இறுதியில் முன்பதிவு தொடங்கியது. சில மாதங்களில் கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டியவர்களுக்கு முதல் கருவிகள் அனுப்பப்பட்டதே 2010 மே மாதத்தில்தான். உறை வார்ப்பும் விசைப்பட்டையும் நீண்ட காலத்தைத் தின்றிருந்தன. அதன் வழித்தோன்றலான பைரா, 2016 மே மாதம் முன்பதிவைத் திறந்து, 2020இன் கடைசியில்தான் முதல் கருவிகளை அனுப்பியது. அதனுள் இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ஓமாப் 5 சில்லு. அந்த நிறுவனம் கைப்பேசிச் சில்லுத் துறையிலிருந்து விலகுவதாக 2012இலேயே முடிவெடுத்திருந்தது. அதாவது பொருள் கைக்கு வருவதற்குள் அதன் மூளைக்கு வயது எட்டைத் தாண்டிவிட்டது. அந்தக் குழுவினர் விடாமுயற்சியுள்ளவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாமதம் நல்லவர்களையும் விடுவதில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

ஜொல்லா டேப்லட்டின் கதை வேறு மாதிரியானது. பின்லாந்தைச் சேர்ந்த அந்த நிறுவனம் 2014 நவம்பரில் இண்டிகோகோ என்ற திரள்நிதித் தளத்தில் 3,80,000 டாலர் கேட்டு 18 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. கேட்டதைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகமாகக் கிடைத்தும், நிறுவனத்தின் மற்ற நிதி ஏற்பாடுகள் தடைபட்டதால், பணம் கட்டியவர்களில் சிறு பகுதியினருக்கே கருவி கிடைத்தது. மற்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக 2016 தொடக்கத்தில் அறிவித்து, அதையும் பாதி பாதியாகவே தரத் திட்டமிட்டார்கள். திரண்ட தொகை பெரிதாக இருப்பதைப் பார்த்து நாம் தெம்படைவது எவ்வளவு தவறு என்பதை இது காட்டுகிறது.

முன்பு ஒருமுறை சொன்னபடி செய்தவர் அடுத்த முறையும் செய்வார் என்பதும் முழு உண்மையல்ல. லண்டனின் பிளானட் கம்ப்யூட்டர்ஸ், சயான் சீரிஸ் 5ஐ வடிவமைத்த மார்ட்டின் ரிடிஃபோர்டையே விசைப்பலகைக்கு வைத்துக்கொண்டு, 2017இல் நிதி திரட்டிய ஜெமினியை 2018இல் அனுப்பத் தொடங்கியது. அடுத்து காஸ்மோ கம்யூனிகேட்டரையும், சற்றுத் தாமதமாக, 2019இல் அனுப்பியது. மூன்றாவதான ஆஸ்ட்ரோ ஸ்லைடுக்கு 2020 மார்ச்சில் பணம் திரட்டியபோது ஓராண்டில் தருவதாகச் சொன்னார்கள். சில்லுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் டைமென்சிட்டி 1000 என்று அறிவித்திருந்த சில்லு 800 ஆக இறங்கியது. அனுப்பத் தொடங்கியதே 2022இல்தான். அறிவித்த பொருளும் வந்த பொருளும் ஒன்றாகவே இருக்கும் என்ற உறுதியும் திரள்நிதியில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு நேர்மாறாக, 2013இல் கெனானிக்கல் நிறுவனம் உபுண்டு எட்ஜ் என்ற கைப்பேசிக்கு 3.2 கோடி டாலர் இலக்கு வைத்து, 1.28 கோடி திரட்டியும், இலக்கு எட்டாததால் அனைவருக்கும் பணம் முழுவதும் திரும்பியது. கேட்டது வந்தால் எல்லாம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்ற நிலையான முறை அது. நான் பணம் கட்டிய காலத்தில் இண்டிகோகோவில் நெகிழ்வான முறையும் இருந்தது; அதில் இலக்கில் கால்வாசி வந்தாலும் படைப்பாளி அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. ஒரு கோடி தேவைப்படும் வேலையை இருபத்தைந்து லட்சத்தில் எப்படி முடிப்பார் என்று கேட்க வேண்டியது நாம்தான். என் இரண்டாவது திட்டம் இந்த நெகிழ்வான வகையைச் சேர்ந்தது. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அது இருந்தது.

2021 செப்டம்பரில்தான் வங்கிக்குப் போனேன். அந்தத் தாமதம் என்னுடைய தவறு, அதையே இந்தப் பதிவில் மற்றெல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விசா, மாஸ்டர்கார்டு வலையமைப்புகளில், பொருள் வந்து சேரவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு, வாக்களித்த தேதியிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. ஆனால் எப்படியும் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. எனக்கு வாக்களித்த மாதம் 2020 நவம்பர். எனவே 2021 மார்ச் இறுதிக்குள் நான் எழுதியிருக்க வேண்டும். அந்த நான்கு மாதத்திலும் வந்த மடல்கள் 'அடுத்த மாதம்' என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் பொறுமையாக இருந்தேன். ஜூலையில், எனக்குத் தெரியாமலேயே, 540ஆம் நாளும் கடந்துவிட்டது. கிளையில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். "சார், இது நீங்க வாங்கினதா, நன்கொடை கொடுத்ததா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. உரிய நாளுக்குள் போயிருந்தாலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும்தான். ஆனாலும் வாக்களித்த தேதியைக் காட்டும் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வாதிடவாவது இடம் இருந்திருக்கும். பேபால் வழியாகக் கட்டியவர்களுக்கு அந்த இடமும் இல்லை. 2016 ஜூனிலிருந்தே அந்நிறுவனம் தன் வாங்குவோர் பாதுகாப்பிலிருந்து திரள்நிதிப் பணத்தை விலக்கிவிட்டது.

அரசுகள் தலையிடுவதே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2015இல் பலகை விளையாட்டு ஒன்றுக்குத் திரட்டிய பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டவர்மீது நடவடிக்கை எடுத்தது; அதுவே திரள்நிதித் துறையில் அதன் முதல் வழக்கு. ஆனால் அது மோசடி இருந்தால்தான் வரும். முயன்று தோற்றவர்மீது வராது. நம் நாட்டில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2014இல் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது என்றாலும், அது பங்கு முதலீட்டுத் திரள்நிதியைப் பற்றியது. பொருளுக்காக வெளிநாட்டில் கட்டிய பணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தேனி நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாமா என்று தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டேன். அறிவிப்பை எந்த நாட்டு முகவரிக்கு அனுப்புவது என்று அவர் திருப்பிக் கேட்டார். நிறுவனம் ஒரு நாட்டில் பதிவானது, ஆட்கள் இன்னொரு நாட்டில், தொழிற்சாலை மூன்றாவது நாட்டில். பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்போது யாராவது இப்படியொரு திட்டத்தைக் காட்டி யோசனை கேட்டால், முதலில் அது உண்மையிலேயே திரள்நிதியா, அல்லது முன்பதிவுக் கடையா என்று பார்க்கச் சொல்கிறேன். சீனாவின் ஜிபிடி (GPD) போன்ற நிறுவனங்கள் கையடக்க விண்டோஸ் கணினிகளை இண்டிகோகோவில் அறிவிக்கும்போது, வடிவமைப்பும் தொழிற்சாலையும் பெரும்பாலும் தயாராகவே இருக்கும். 2017இல் அறிவித்த ஜிபிடி பாக்கெட் அதே ஆண்டின் நடுவிலேயே பலர் கைக்குப் போய்விட்டது. அதில் உள்ள அபாயம் பழுதும் உத்தரவாதமும் பற்றியது. இதுவரை ஒரு பொருளும் செய்திராத மூன்று பேர் அழகான அசைபடம் காட்டுவதில் உள்ள அபாயம் பணமே போவது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

அடுத்து, வெட்டாமல் எடுத்த ஒரு காணொளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: ஒருவர் கருவியைக் கையில் பிடித்து, அணைத்து, மீண்டும் இயக்கி, இரண்டு வரி தட்டச்சு செய்து காட்ட வேண்டும். திரையில் தெரிவது பின்னர் ஒட்டிய படமாக இருந்தால், விரல் அதன் குறுக்கே போகும்போது தெரிந்துவிடும். உள்ளே எந்தச் சில்லு, அது வெளிவந்து எத்தனை ஆண்டாயிற்று, எந்த ஆண்ட்ராய்டு அல்லது லினக்ஸ், இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர் என்ற நிரல் திறந்ததா என்பவையும் முக்கியம். நிறுவனம் மறைந்த பிறகும் கருவி வாழ வேண்டுமல்லவா? 9 டாலர் கணினி என்று 2015இல் புகழ்பெற்ற சிப், அதன் கையடக்க வடிவமான பாக்கெட்சிப் ஆகியவற்றைச் செய்த நெக்ஸ்ட் திங் நிறுவனம், சொன்னபடி பொருளை அனுப்பியது. ஆனால் 2018இல் மூடப்பட்டது. அதன் மென்பொருள் களஞ்சியங்களைப் பயனர்களே படியெடுத்து வைத்ததால்தான் அந்தக் கருவிகள் இன்றும் உயிரோடிருக்கின்றன. மோடம் இருந்தால் 3, 5, 40 (முறையே 1800, 850, 2300 மெகாஹெர்ட்ஸ்) ஆகிய அலைவரிசை எண்கள் அட்டவணையில் உள்ளனவா என்று நம் நாட்டுக்காரர் கட்டாயம் பார்க்க வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் அளவுள்ள பேட்டரியா என்பதையும் கேளுங்கள். மழை மாதங்களில் இடுக்கி மலையில் நான்கு மாதம் ஈரம் காயாத இடத்தில் வேலை செய்கிறவர் என்றால், கீல் வழியாகப் போகும் பட்டைக் கம்பியைப் பற்றி இருமுறை கேளுங்கள்.

சுங்கத்தைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் உண்டு. 2023 ஆகஸ்டில் மடிக்கணினி, டேப்லட், மிகச் சிறு கணினிகள் ஆகியவற்றின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்தபோதும், அஞ்சல் அல்லது கூரியர் வழியாக ஒன்றே ஒன்றை வரவழைப்பதற்கு, தீர்வை செலுத்தும் நிபந்தனையோடு, விலக்கு அளித்தார்கள். ஒன்றுதான். தம்பிக்கும் சேர்த்து இரண்டாக வாங்கினால் அனுப்புக் கூலி குறையும் என்று கணக்குப் போடாதீர்கள்.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஈதன் மாலிக், கிக்ஸ்டார்ட்டரின் உதவியோடு ஏறக்குறைய 47,000 பேரிடம் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், நிதி பெற்ற திட்டங்களில் 9 விழுக்காடு வாக்களித்ததைத் தரவில்லை என்று கண்டார். பதினொன்றில் ஒன்று என்பது கேட்கச் சிறிதாகத் தோன்றும். பாட்டுத் தொகுப்பும் படக்கதையும் கைவினைப் பொருளும் சேர்ந்த கணக்கு அது என்பதையும், நான் இரண்டில் ஒன்றை இழந்தவன் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது செக்ரோலை என் கைப்பேசியிலேயே எழுதுகிறேன். மூன்றாக மடியும் புளூடூத் விசைப்பலகை ஒன்றை மதுரையில் கடையிலேயே தட்டிப் பார்த்து 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். அழகில்லை, ஜீப்பில் மடியில் நிற்பதும் இல்லை. தோட்டத்து ஸ்டோரில் காய் நிறுக்கும் மேசைமேல் வைத்தால் வேலை நடக்கிறது. அதில் தமிழ்99 முதல் நாளே வந்தது.

அந்த 26,728 ரூபாயை வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் முன்பணம் என்ற தலைப்பில் எழுதி வைத்திருந்தேன். 2022 மார்ச் 31 அன்று ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது அதை வாராக்கடனுக்கு மாற்றினேன். சென்ற ஆண்டு, நெடுங்காலத்துக்குப் பிறகு, அந்தக் குழுவிடமிருந்து ஒரு மடல் வந்தது. கப்பல் கட்டணம் உயர்ந்துவிட்டதால் ஒவ்வொருவரும் இன்னும் 45 டாலர் கட்டினால் உடனே அனுப்ப முடியும் என்று எழுதியிருந்தார்கள். கோபப்படாமல் பதில் எழுதினேன். அன்றைய தேதியிட்ட செய்தித்தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, கருவியை ஒருமுறை இயக்கிக் காட்டும் அரை நிமிடக் காணொளியை அனுப்புங்கள், மறுநாளே கட்டுகிறேன் என்று கேட்டிருந்தேன். ஏலத்தில் நாங்கள் கேட்கும் மாதிரி அவ்வளவுதான். இந்தப் பதிவை எழுதும் நாள் வரை காணொளி வரவில்லை. 45 டாலர் நினைவூட்டல் மட்டும் இன்னும் இருமுறை வந்திருக்கிறது.